கல்லுன்னு நெனச்சுத்தான் மிதிச்சேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் பட்டர்வொர்த்துல இருக்கேன், பிறையில ஒரு பேக்டரியில கியூசி வேலை, பதினாலு வருஷமா மைக்ராஸ்கோப்புல சர்க்யூட் போர்டு பாக்கறவ. நம்ம பேப்பர அப்பா காலத்துலேருந்து வீட்ல வாங்குறோம், ஆனா நான் இதுவரைக்கும் ஒரு லெட்டர் எழுதுனதில்ல. இப்ப எழுதக் காரணம் ரெண்டு வாரமா எங்க வாட்ஸ்அப் குரூப்புல சுத்திக்கிட்டு இருக்கிற ஒரு போட்டோ. நம்ம புள்ளைங்க நாலு பேரு, கடலுக்கு அடியில, வரிசையா பவளப்பாறை மேல கால ஊணி நின்னுக்கிட்டு கட்டை விரல தூக்கிக் காட்டுறாங்க. கீழ சூப்பர், செம, அடுத்த தடவ நாங்களும் வர்றோம்னு வரிசையா போட்டிருக்காங்க. தண்ணிக்கு அடியில கட்டை விரல மேல தூக்குனா மேல போகணும்னு அர்த்தம், நல்லா இருக்கேன்னு சொல்லணும்னா ரெண்டு விரல வளைச்சு வட்டம் போட்டுக் காட்டணும், அதகூட அந்தப் புள்ளைங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காம கையில கேமராவ குடுத்து எறக்கி விட்டிருக்காங்க.

எனக்கு அவங்க மேல கோவம் வரல, ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் நின்னேன்.

பேக்டரியில எங்க லைன்ல உள்ளவங்க எல்லாம் சேந்து ஒரு தீவுக்கு டூர் போனோம். அங்க ட்ரை டைவ்னு ஒண்ணு இருந்துச்சு, சர்டிபிகேட் இல்லாதவங்களும் கைடு கூட பன்னெண்டு மீட்டர் வரைக்கும் எறங்கலாம். அரை மணி நேரம் பாடம் நடத்துனாங்க, ஒரு கைடுக்கு ஆறு பேரு, ஆளுக்கொரு சின்ன கேமரா வாடகைக்கு. எனக்கு தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொன்னதா சொல்லிச் சொல்லியே அம்மா என்னை ஸ்விம்மிங் பூல் பக்கம்கூட விட்டதில்ல. எங்க வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தா பினாங்குக்குப் போற பெரி தெரியும், ஆனா முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் கடல்ல முட்டிக்கு மேல நான் எறங்குனதே இல்ல. அப்படிப்பட்டவ ஆறு மீட்டர் ஆழத்துல, ஒடம்பு ஒரு பக்கம் தூக்குது ஒரு பக்கம் அமுக்குது, வாயில டேங்க்லேருந்து காத்து குடுக்குற ரெகுலேட்டர், கையில கேமரா, எதிர்ல ஒரு ஆமை பாறை இடுக்குல தலைய வச்சு படுத்திருக்கு. அத போட்டோ எடுக்கணும்ங்கற ஆசையில நிக்க எடம் தேடி கால ஊணிட்டேன்.

மான் கொம்பு மாதிரி கிளை கிளையா இருக்கிற பவளம் அது. தண்ணிக்குள்ள சத்தம் நல்லாவே கேக்கும், எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னுதான் தெரியாது. முறுக்கு ஒடையுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு பாத்தா என் முழங்கை நீளத்துக்கு ஒரு கொம்பு முறிஞ்சு கெடக்கு, முறிஞ்ச எடம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு, அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த நீலக் கலர் குஞ்சு மீனுங்க முப்பது நாப்பது இருக்கும், அப்படியே செதறி ஓடுச்சுங்க. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து, இப்ப கிளை இல்லாத அதே எடத்துல சுத்திச் சுத்தி வந்துச்சுங்க, ஒளிய எடம் இல்லாம. கைடு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. மேல வந்ததுக்கு அப்புறமும் யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தக் கம்பெனி பேர நான் இங்க எழுதல, ஏன்னா அது ஒரு கம்பெனியோட பழக்கம் மட்டும்னு எனக்குத் தோணல.

கல்லுன்னு நெனச்சுத்தான் மிதிச்சேன். மலாய்ல அதுக்குப் பேரு பத்து காராங், பத்துன்னாலே கல்லு. தமிழ்ல பவளப்பாறைங்கறோம், அதுலயும் பாறை. பேர கேட்டா யாருக்குத்தான் அது உயிருன்னு தோணும்? அப்புறமாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அந்தக் கிளையில இருக்கிற ஒவ்வொரு சின்னப் புள்ளியும் ஒரு உயிரு, வாய் இருக்கு, வாயச் சுத்தி விரல் மாதிரி மெல்லிசா நீட்டிக்கிட்டு இருக்கும், கூட்டமா சேந்து தனக்குத்தானே சுண்ணாம்புல வீடு கட்டிக்குது. மான் கொம்பு வகை நல்லா வளருற எடத்துல வருஷத்துக்கு பத்து இருபது சென்டிமீட்டர் வளரும், ஆனா உருண்டையா பாறாங்கல்லு மாதிரி இருக்கிற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளந்தாலே பெருசு. அப்படின்னா ஒரு ஆள் ஒசரத்துக்கு இருக்கிற ஒரு உருண்டை நம்ம தாத்தாவுக்குத் தாத்தா கப்பல்ல வந்து எறங்குனப்பவே அங்க இருந்திருக்கும்.

அந்த வருஷக் கடைசியிலயே நீச்சல் கத்துக்கிட்டேன், அடுத்த வருஷம் முறையா ஓப்பன் வாட்டர்ங்கற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடிச்சேன், பதினெட்டு மீட்டர் வரைக்கும் போகலாம்னு கார்டு குடுத்தாங்க. அம்மா ஒரு மாசம் பேசல. அது வேற கதை.

போன வருஷம் ஜூன் மாசம் ஈப்போவுல இருக்கிற ஒரு அக்கா மூலமா ஒரு குரூப்புல சேந்தேன், தண்ணிக்கு அடியில போட்டோ எடுக்கக் கத்துக்குடுக்கறதுக்குன்னே போற ட்ரிப். எட்டு பேரு, நம்ம ஆளுங்க ஆறு, ஒரு சீன ஜோடி, அதுக்கு மேல அக்கா ஆள் சேக்க மாட்டாங்க. பினாங்கச் சுத்தி உள்ள கடல் கலங்கல், டைவ் பண்றவங்க ஒண்ணு கெடா பக்கம் பாயார் தீவுக்குப் போவாங்க, இல்லாட்டி கிழக்குக் கரைக்குப் போகணும். கிழக்குக் கரையில நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் மழைக்காலம், கடல் கொந்தளிக்கும், தீவுல பெரும்பாலும் மூடிருவாங்க. நாங்க அந்தப் பக்கம் இருக்கிற பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனோம். ராத்திரி ஒரு மணிக்கு பட்டர்வொர்த்துல காடி எடுத்து, கிரிக் ஏறி, யானை கடக்குற எடம்னு போர்டு வச்சிருக்கிற அந்தக் காட்டு ரோட்ல பனிமூட்டத்துல ஊந்து ஊந்து போயி, ஜெலி எறங்கி, கோலா பெசுட் ஜெட்டியில காலையில நாசி டாகாங் பசியாறிட்டு போட் ஏறுனோம்.

மொத நாள் கேமராவ அக்கா தொடவே விடல. எல்லாரும் காசு போட்டு புதுசா வாங்கிட்டு வந்திருக்கோம், நான் செகண்ட் ஹேண்ட்ல ஒலிம்பஸ் டிஜி-6 வாங்கியிருந்தேன், கூடவே அதுக்கான ஹவுசிங், அதாவது தண்ணி பூராம கேமராவ மூடி வைக்கிற பெட்டி, ஹவுசிங் இல்லாம அது பதினஞ்சு மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். எல்லாத்தையும் ரூம்லயே வச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு அண்ணனுக்கு மொகமே மாறிப் போச்சு, இதுக்காங்க்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு கேட்டாரு. அக்கா சொன்னாங்க, "தம்பி, கேமரா உன் கையில வந்ததும் உன் கவனம் பூரா அதுக்குள்ள போயிடும், அப்ப உன் காலு என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியாது, அதனால கேமரா இல்லாதப்பவே ஒடம்ப பழக்கிரு."

மணல் தரை, அஞ்சு மீட்டர் ஆழம், பக்கத்துல பவளமே இல்லாத எடம். ஒரு மிதவையிலேருந்து கயிறு தொங்க விட்டு அதுல ஒரு முடிச்சு போட்டிருந்தாங்க. அந்த முடிச்சு என் கண்ணுக்கு நேரா இருக்கணும், நான் கை ரெண்டையும் கட்டிக்கணும், காலையும் அசைக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் அப்படியே நிக்கணும். மொத தடவ பத்து செகண்டுல மேல போயிட்டேன், அடுத்த தடவ மணல்ல போயி உக்காந்தேன். அன்னைக்கு முழுக்க இதேதான், மூணு டைவ். மூச்ச மெதுவா உள்ள இழுத்தா ஒடம்பு ஒரு சாண் ஏறும், மெதுவா விட்டா ஒரு சாண் எறங்கும், நுரையீரல்தான் நம்ம லிப்ட்டு. ஆனா மூச்ச மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடக்கக் கூடாது, ஆழத்துல இழுத்த காத்து மேல வர வர விரியும், அடக்குனா நுரையீரல கிழிச்சுரும், போட்டோ எடுக்கறவங்க கை நடுங்கக் கூடாதுன்னு மூச்ச அடக்குறதுதான் பெரிய ஆபத்துன்னு அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மெதக்காம எறங்கறதுக்காக எனக்கு இடுப்புல கட்டுன வெயிட்டு ரெண்டு கிலோ அதிகமா இருந்துச்சு, அத கழட்டுனாங்க பாருங்க, அதுக்கப்புறம் என் காலு தானா தொங்குறது நின்னுச்சு. அந்தப் பழைய டூர்ல எனக்கு எத்தன கிலோ கட்டுனாங்களோ, நான் ஏன் நேரா நின்ன வாக்குலயே மூழ்குனேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

கால்ல மாட்டுற துடுப்பு, ஃபின்னுன்னு சொல்வோம், அத மேலயும் கீழயும் அடிக்காம தவளை மாதிரி பக்கவாட்டுல ஒதைக்கவும் அன்னைக்கே பழக்குனாங்க. கீழ பாத்து அடிச்சா மணல் கெளம்பி பவளத்து மேல படிஞ்சு அத மூடிரும். அதோட, பின்னால வர்றவனுக்கு போட்டோவும் கிடைக்காது.

ராத்திரி கேமராவ ரெடி பண்றதுதான் எனக்குப் புடிச்ச வேலையாப் போச்சு. ஹவுசிங் மூடுற எடத்துல ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம், அதுலதான் எல்லாமே இருக்கு. பத்து மீட்டர் எறங்குனா மேல இருக்கிற காத்தழுத்தம் மாதிரி இன்னொரு பங்கு சேருது, இருபது மீட்டர்ல மூணு மடங்கு, அந்த அழுத்தத்துல ஒரு முடி அளவு எடைவெளி இருந்தாலும் தண்ணி உள்ள பூந்துரும். டார்ச் லைட்ட சாய்ச்சுப் புடிச்சு சோல்டர் ஜாயின்ட்ட பாக்குற மாதிரி ஓ-ரிங்க சுத்திப் பாத்தேன், ஒரு எடத்துல பூனை முடி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கண்ணிமை முடி, என்னோடதுதான். பதினாலு வருஷமா பண்ற வேலை அன்னைக்கு எனக்குக் கை குடுத்துச்சு. அத எடுத்துட்டு, விரல் நுனியில சிலிகான் கிரீஸ் கொஞ்சூண்டு பளபளன்னு தெரியுற அளவுக்கு மட்டும் தடவி, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் வச்சு, மொதல்ல கேமரா இல்லாம வெறும் ஹவுசிங்க வாளித் தண்ணியில முக்கிப் பாத்தேன். முத்து முத்தா கொமிழி வரலேன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். டைவ் முடிஞ்சு வந்ததும் நல்ல தண்ணியில ஊற வைக்கணும், பட்டன் ஒவ்வொண்ணையும் தண்ணிக்குள்ளயே அமுக்கி அமுக்கி விடணும், உப்பு காஞ்சு உக்காந்துட்டா அடுத்த நாள் பட்டன் வேலை செய்யாது.

அப்ப அக்கா பழைய கதையெல்லாம் சொன்னாங்க. 1893லயே பிரான்ஸ்ல லூயி பூத்தான்னு ஒருத்தர் கடலுக்கு அடியில போட்டோ எடுத்திருக்காரு. மீன கலர்ல எடுத்தது 1926ல, அமெரிக்காவுல புளோரிடா பக்கம், லாங்லி, மார்ட்டின்னு ரெண்டு பேரு, வெளிச்சத்துக்கு தெப்பத்துல மக்னீசியம் பொடிய வச்சு கொளுத்தி எடுத்திருக்காங்க. இப்ப நம்ம கைக்குள்ள அடங்குற டார்ச்ச வச்சுக்கிட்டு லைட் பத்தலன்னு கொறை சொல்றோம்.

ரெண்டாவது நாள் தோக்கோங் லாவுட். மலாய்ல கடல் கோயில்னு அர்த்தம், கடலுக்கு நடுவுல கோபுரம் மாதிரி எழும்பி நிக்கிற பாறை, அதச் சுத்தி மீன் கூட்டம் மேகம் மாதிரி நகருது. அங்கதான் நான் மறக்க முடியாத ஒண்ண பாத்தேன். என் மணிக்கட்டுல தண்ணீர்மலை கோயில்ல கட்டுன செவப்புக் கயிறு, தைப்பூசத்துக்கு அம்மா கட்டி விட்டது. பதினஞ்சு மீட்டர்ல கைய பாத்தா கயிறு கருப்பா இருக்கு. அழுக்காயிடுச்சோன்னு தேச்சுப் பாத்தேன். அக்கா பாத்துட்டு பக்கத்துல வந்து டார்ச்ச என் கை மேல அடிச்சாங்க, குங்குமம் மாதிரி செவப்பு அப்படியே திரும்பி வந்துச்சு, டார்ச்ச நகத்துனா திரும்பக் கருப்பு. தண்ணி மொதல்ல செவப்பத்தான் முழுங்கும், அஞ்சு மீட்டர் தாண்டுனாலே கொறைய ஆரம்பிச்சுரும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்ச, கடைசியில பச்சையும் நீலமும்தான் மிஞ்சும். என் பழைய ஆமை போட்டோ ஏன் பச்சை உருண்டையா வந்துச்சுன்னு புத்தகத்துல படிச்சிருந்தா மறந்திருப்பேன், என் கையில இருந்த கயித்துல பாத்தது இந்த ஜென்மத்துக்கும் போகாது.

அதுக்குத்தான் தண்ணிக்கு அடியில பிளாஷ் வேணும், இல்லாட்டி வெள்ளை அட்டைய காட்டி கேமராவுக்கு இதுதான் வெள்ளைன்னு ஒவ்வொரு ஆழத்துலயும் சொல்லிக் குடுக்கணும். பிளாஷ் போட்டாலும் வெளிச்சம் ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டருக்கு மேல போகாது, தூரத்துல இருக்கிற மீனுக்கு பிளாஷ் அடிச்சா நடுவுல மெதக்குற தூசியெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துக்கிட்டு நிக்கும். கிரிக் ரோட்ல பனிமூட்டத்துல ஹைபீம் போட்டா என்ன ஆகும், ரோடு தெரியாது பனிதான் தெரியும், அதேதான் இது. லைட்ட லென்ஸுக்குப் பக்கத்துல வைக்காம ரெண்டு பக்கமும் கைய விரிச்ச மாதிரி தள்ளி வைக்கணும். எல்லாத்தையும் விட, பக்கத்துல போகணும். ஆனா பக்கத்துல போகணும்னா அசையாம நிக்கத் தெரியணும், மொத நாள் முடிச்சு முன்னாடி நின்னது இதுக்குத்தான்னு அப்ப வெளங்குச்சு.

மூணாவது நாள் ஒரே ஒரு கோமாளி மீனுக்கு முன்னாடி முப்பத்தஞ்சு நிமிஷம் இருந்தேன். அது கடல் அனிமோன்னு சொல்ற விரல் விரலா ஆடுற உயிருக்குள்ள குடித்தனம் பண்ணும், மத்த மீன அந்த விரலுங்க கொட்டும், இத கொட்டாது. பெருசா ஒண்ணு, கொஞ்சம் சின்னதா ஒண்ணு, அப்புறம் பொடிசுங்க ரெண்டு. பெருசுதான் பொம்பள. இதுங்க எல்லாம் பொறக்கும்போது ஆண், வீட்டுக்காரி செத்துட்டா அடுத்த பெரிய ஆண் பொம்பளையா மாறிரும், அக்கா முந்தின ராத்திரி சொன்னப்ப நான் நம்பல. மொதல்ல நான் கேமராவ நீட்டுனதும் எல்லாம் உள்ள போயிருச்சு. "மீன நீ தொரத்துனா அது உனக்கு வாலத்தான் காட்டும், கண்ணு"ன்னு அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு, அப்படியே நின்னேன். மூச்சு, எறக்கம், மூச்சு, ஏத்தம். ஒரு அஞ்சாறு நிமிஷம் போச்சு. பெருசு வெளிய வந்து என் மாஸ்க்க ஒரு தடவ மொறைச்சுப் பாத்துச்சு, உள்ள போச்சு, திரும்ப வந்துச்சு. அப்பத்தான் கவனிச்சேன், அது இஷ்டத்துக்கு ஓடல, எடது பக்கமா வெளிய வரும், ஒரு வட்டம் போடும், நேரா என்னைப் பாக்கும், திரும்பி உள்ள போகும், மறுபடி எடது பக்கம். சின்னது பாறையில ஒட்டியிருந்த முட்டைக்குப் பக்கத்துல நின்னு செட்டைய விசிறி மாதிரி வீசிக்கிட்டே இருந்துச்சு, அப்பங்காரன்தான் முட்டைய பாத்துக்குவான். நான் கேமராவ அந்த எடது பக்கத்துல வச்சு, கொஞ்சம் கீழ எறங்கி மேல பாத்த மாதிரி சாய்ச்சு, கண்ணுல போக்கஸ் வச்சுக்கிட்டு காத்திருந்தேன். பத்துத் தடவ வந்துச்சு, ஒம்போது தடவ சொதப்புனேன், பத்தாவது தடவ கெடச்சுது. மேல போட்ல வந்து ஸ்கிரீன்ல பாத்தப்ப அதோட கண்ணச் சுத்தி இருக்கிற மெல்லிசு ஆரஞ்சு வளையம் வரைக்கும் தெரிஞ்சுது, நான் அழுதுட்டேன்.

அதே நாள் மத்தியானம் நான் பண்ண தப்பையும் சொல்லிடுறேன், இத படிச்சுட்டு யாராவது கேமரா வாங்கப் போனா இது தெரிஞ்சிருக்கணும். சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கடல் நத்தை, ஓடு இல்லாதது, நீலமும் மஞ்சளுமா கோடு போட்டு, அதப் பாத்துக்கிட்டே இருந்ததுல காத்து மீட்டர பாக்க மறந்துட்டேன். டேங்க்ல காத்தழுத்தம் இருநூறு பார் இருக்கும்போது எறங்குறோம், நூறு வந்ததும் கூட ஜோடியா எறங்குனவங்களுக்குச் சொல்லணும், அம்பது பாரோட மேல வந்திருக்கணும். என் ஜோடியா வந்த அக்கா டேங்க்க தட்டி கூப்புட்டு மீட்டர காட்டுறாங்க, அறுபது. அப்புறம் மெதுவா ஏறி அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு வெளிய வர்ற வரைக்கும் என் நெஞ்சு அடிச்சது எனக்கே கேட்டுச்சு. நம்ம ஊர்ப் பக்கம், மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிச்சவங்க சங்கு குளிச்சவங்க மூச்ச அடக்கிக்கிட்டு கல்லப் புடிச்சு எறங்குவாங்களாம், மேல கயித்தப் புடிச்சுக்கிட்டு இருக்கிறது மச்சானாத்தான் இருக்கணும்னு சொல்வாங்க, தங்கச்சி தாலிய நெனச்சு கயித்த விட மாட்டான்னு. பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன். கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு அப்படி ஒரு ஆள் கட்டாயம் வேணும், ரெண்டு பேருமே கேமராவுக்குள்ள போயிட்டா கயித்த யாரு புடிக்கிறது?

இன்னொண்ணு, பினாங்கு கெடா பக்கத்துலேருந்து போறவங்களுக்கு மட்டும். டைவ் பண்ணிட்டு உடனே பிளேன் ஏறக் கூடாதுன்னு நெறைய பேருக்குத் தெரியும், பல டைவ் பண்ணியிருந்தா கொறஞ்சது பதினெட்டு மணி நேரம் விடணும், ஒடம்புல கரைஞ்சிருக்கிற நைட்ரஜன் அழுத்தம் கொறையுற எடத்துல கொமிழியா மாறிரும். ஆனா நம்ம வீட்டுக்குத் திரும்புற கிரிக் ரோடும் மலைதான், உச்சியில ஏறக்கொறைய ஆயிரம் மீட்டர் ஒசரம். கடைசி நாள் சாயங்காலம் டைவ் முடிச்சு ராத்திரியே காடி எடுக்கறவங்க இத யோசிக்கறதே இல்ல. அக்கா எங்கள கடைசி நாள் தண்ணியிலயே எறக்காம மணல்ல உக்கார வச்சு எடுத்த போட்டோவ எல்லாம் ஒவ்வொண்ணா பாக்க வச்சாங்க, மறுநாள் காலையிலதான் கெளம்புனோம். அந்த ஒரு நாள்ல கத்துக்கிட்டது தண்ணிக்குள்ள கத்துக்கிட்டத விட கொறைச்சல் இல்ல.

இப்ப நான் இவ்வளவு நீளமா எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஆளுங்க கடலுக்குப் போறது எனக்குப் பெரிய சந்தோஷம், எங்க அம்மா மாதிரி பயந்து பயந்து ரெண்டு தலைமுறை போச்சு. போங்க, கட்டாயம் போங்க. ஆனா கேமராவ பிற்பாடு எடுங்க. குரூப் கூட்டிக்கிட்டுப் போற அண்ணன்மாருங்க அக்காமாருங்க மொத நாள் கேமராவ ரூம்ல வைக்கச் சொல்லுங்க, கோவிச்சுக்குவாங்க, பரவால்ல, ரெண்டாவது நாள் புரிஞ்சுக்குவாங்க. ஒரு கைடுக்கு ஆறு பேர எறக்காதீங்க. நீச்சலே தெரியாதவங்க கையில கேமராவ வாடகைக்குக் குடுக்காதீங்க, அந்த அம்பது வெள்ளி வாடகை வராட்டி தொழில் ஒண்ணும் படுத்துறாது. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், பாயார் எல்லாமே 1985 மீன்வளச் சட்டத்துக்குக் கீழ பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா, கரையிலேருந்து ரெண்டு கடல் மைல் வரைக்கும் மீன் புடிக்கவோ பவளத்த ஒடைக்கவோ எடுக்கவோ அனுமதி இல்ல. தூண்டில் போட்டா புடிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியுது, கால்ல மிதிச்சு ஒடைச்சா யாருக்கும் ஒறைக்க மாட்டேங்குது.

பவளம் ஏற்கனவே கஷ்டத்துல இருக்கு. கடல் சூடானா அதுக்குள்ள குடியிருந்து சோறு போடுற நுண்ணிய பாசி வெளிய போயிரும், பவளம் வெளுத்துரும், சூடு தொடந்தா பட்டினியில செத்துரும். 2010ல அப்படி வெளுத்தப்ப தியோமான், ரெடாங், பாயார் பக்கம் சில டைவ் எடங்கள அரசாங்கமே கொஞ்ச காலம் மூடி வச்சுச்சு. 2024ல ஒலகம் பூரா திரும்பவும் வெளுத்துச்சு. சூட்ட நானும் நீங்களும் ஒரே நாள்ல கொறைக்க முடியாது, ஆனா பொழைச்சு வர்ற கிளைய மிதிக்காம இருக்கறது முழுக்க நம்ம கால்லதான் இருக்கு.

வாட்ஸ்அப்புல அப்படி ஒரு போட்டோ வந்தா திட்டாதீங்க, திட்டுனா குரூப்ப விட்டுப் போயிருவாங்க, நான் பாத்திருக்கேன். தனியா கூப்புட்டுச் சொல்லுங்க. நான் அந்த நாலு புள்ளைங்கள்ல ஒருத்தனுக்கு போன் போட்டேன், எங்க சித்தி வீட்டுப் பக்கத்துப் புள்ள, சுங்கைப் பட்டாணி. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அக்கா, அது உயிருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா"ன்னான். எனக்கும் தெரியாதுடா தம்பின்னேன். அடுத்த சீசன் எங்க குரூப்போட வர்றேன்னு சொல்லியிருக்கான், நீச்சல் கிளாஸுக்கு பேர் குடுத்துட்டானாம்.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பர்ல ஸ்கூல் லீவு வரும்போது தீவுச் சுற்றுலா பத்தி போடுறீங்க, எந்த ரிசார்ட், எவ்வளவு காசு, என்ன சாப்பாடுன்னு. அதுகூட பவளம் உயிருள்ளதுங்கற ஒரு வரியையும் பெரிய எழுத்துல சேத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன்.

இந்த லெட்டரோட ரெண்டு படம் அனுப்பியிருக்கேன். ஒண்ணு அந்தக் கோமாளி மீன், எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. இன்னொண்ணு மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஆமை, பச்சையா மங்கலாத்தான் இருக்கும், எடது பக்கம் கீழ் மூலையில நல்லா உத்துப் பாத்தா என் ஃபின் நுனியும் முறிஞ்சு கெடக்குற அந்தக் கொம்பும் தெரியும். ஒண்ணுக்குத்தான் எடம் இருக்குன்னா, ரெண்டாவத போடுங்க.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகி